இசைத்தட்டைப் படிப்போம்!

மாணவர்களே, முதலில் ஒரு புதிர். பழைய இசைத்தட்டு ஒன்றை நீங்கள் பார்த்திருக்கலாம். கறுப்பான, வட்டமான தட்டு. அதன் மேல் மிக நெருக்கமாக வரிகள். இப்படிப்பட்ட தட்டின் ஒரு பக்கத்தில் ஐந்து பாடல்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்தில் மொத்தம் எத்தனை வரிகள் இருக்கும்?

ஐந்நூறு, ஆயிரம் என்றெல்லாம் விடை வரும். எங்கள் கல்லூரி மாணவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். சரியான விடை ஒன்றுதான்! விளிம்பில் தொடங்கும் ஒரே வரி, சுருண்டு சுருண்டு உள்ளே போய் நடுவில் முடிகிறது. இரண்டு பாடல்களுக்கு இடையே வழவழப்பாகத் தெரியும் பட்டையிலும் அந்த வரி அறுந்துபோவதில்லை. அங்கே ஒலி இல்லாமல், சற்று அகலமாக இடைவெளி விட்டுச் சுற்றுகிறது. அவ்வளவுதான்.

இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மைக்செட்காரரின் பெட்டி

தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று இந்தப் பள்ளத்தாக்கின் எந்த ஊரிலும் ஒரு காலத்தில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதுவும் மைக்செட் இல்லாமல் நடந்ததில்லை. மரக்கிளையில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டுவார்கள். விடியற்காலையில் நாதசுரத் தட்டு ஒன்று சுழலத் தொடங்கும். அதன் பின் பக்திப் பாடல்கள், சினிமாப் பாடல்கள், இரவில் 'திருவிளையாடல்' கதை வசனம். வீரபாண்டி சித்திரைத் திருவிழா என்றால் சொல்லவே வேண்டாம். உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

இந்தப் பள்ளத்தாக்கின் மேற்கு மலையடிவாரத்தில் உள்ள பண்ணைப்புரத்தில் 1943 இல் பிறந்த இளையராஜா, 1976 இல் 'அன்னக்கிளி' படத்துக்கு இசையமைத்தார். தேனி அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜாவின் முதல் படமான '16 வயதினிலே' 1977 இல் வந்தது. அந்தப் பாடல்கள் ஊர் ஊராகப் பரவியது வானொலியாலும் இந்தக் கறுப்புத் தட்டுகளாலும்தான்.

சின்னமனூர்ப் பக்கத்தில் மைக்செட் வைத்திருந்த பெரியவர் ஒருவர், ஒருநாள் எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்துக்கு ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர்.

"சார், குழாய், ஆம்ப்ளிபயர் எல்லாத்தையும் வித்துட்டேன். இந்தப் பெட்டியை மட்டும் குடுக்க மனசு வரல. ஓட்டிப் பாக்க மிஷினும் இல்ல. கம்ப்யூட்டர்ல ஏத்தி வைக்க முடியும்னு பேரன் சொல்றான். பாருங்களேன்" என்றார்.

பெட்டியில் நூற்றுச் சொச்சம் தட்டுகள். சிலவற்றின் மேலுறை கரையான் தின்றது. சிலவற்றின் நடுத்தாள் அழிந்து, என்ன பாட்டு என்றே தெரியவில்லை. மூன்றாமாண்டு மாணவர்கள் நால்வர் முன்வந்தார்கள். ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்று எண்ணினோம். ஓர் அரையாண்டு ஆயிற்று! அந்த அரையாண்டில் நாங்கள் கற்றதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நானூறு மீட்டர் சால்

வயலில் ஏர் ஓடினால் சால் விழும். இசைத்தட்டின் வரியும் ஒரு சால்தான். அகலம் ஏறத்தாழ ஒரு தலைமயிர்ப் பருமன். அதன் சுவர்கள் நேராக இல்லாமல் நெளிந்து நெளிந்து போகின்றன. அந்த நெளிவுதான் ஒலி. பாடகரின் குரல் காற்றில் எப்படி அதிர்ந்ததோ, அதே அதிர்வு பிளாஸ்டிக்கில் உறைந்து நிற்கிறது. வைர முனை கொண்ட முள் இந்தச் சாலில் ஓடும்போது தானும் நெளிகிறது. முள்ளோடு இணைந்த சிறு காந்தம் கம்பிச் சுருள்களின் அருகே ஆடுகிறது. உடனே சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. 1831 இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. உங்கள் பள்ளிப் பாடம்!

இனி ஒரு கணக்கு. பெரிய தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல்கிறது. ஒரு பக்கம் 20 நிமிடம் ஓடினால் ஏறத்தாழ 667 சுற்றுகள். சராசரி ஆரம் 10 செ.மீ. என்று கொண்டால் ஒரு சுற்றின் நீளம் சுமார் 63 செ.மீ. இரண்டையும் பெருக்குங்கள். 400 மீட்டருக்கு மேல் வருகிறது. பெரிய விளையாட்டு மைதானத்தில் ஒரு முழுச் சுற்று ஓடும் தூரம், உங்கள் இரு கைக்குள் அடங்கும் தட்டில் சுருண்டு கிடக்கிறது!

காசு வைத்தால் என்ன ஆகும்?

மைக்செட்காரர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. தேய்ந்த தட்டில் முள் தாவித் தாவி ஓடினால், முள் தாங்கியின் தலையில் ஒரு காசை வைப்பார்கள். தாவல் நின்றுவிடும். ஆனால் தட்டின் கதி?

முள் சாலை அழுத்தும் எடை 2 கிராம் என்று கொள்வோம். விசை சுமார் 0.02 நியூட்டன். மிகச் சிறியதுதான். ஆனால் முள் தொடும் பரப்பு அதைவிடச் சிறியது. 100 சதுர மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், அழுத்தம் 20 கோடி பாஸ்கல் ஆகிறது. அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 2000 மடங்கு! இதன் மேல் இரண்டரை கிராம் காசு ஒன்றை வைத்தால் விசை இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். மைக்செட் கருவிகளின் முள் பாரமோ முதலிலேயே 2 கிராமைவிட அதிகம். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் சாலின் நுண்ணிய நெளிவுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தன. ஊரே விரும்பிக் கேட்ட பாட்டுத்தான் அதிகம் தேய்ந்தது.

பெட்டியைப் பார்த்தவுடன் எது புகழ்பெற்ற பாட்டு என்று சொல்லிவிட்டார் எங்கள் மாணவர் ஒருவர். விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால், அந்தப் பாட்டின் பட்டை மட்டும் கறுப்புப் போய் சாம்பல் நிறமாகத் தெரிந்தது.

ஆகையால் ஒவ்வொரு தட்டையும் ஒரே ஒருமுறைதான் ஓட்டுவது, அந்த ஒரு முறையிலேயே எண்களாக மாற்றிவிடுவது என்று முடிவு செய்தோம்.

அடித்தொனி எங்கே போனது?

முதல் நாளே தவறு செய்தோம். இரவல் வாங்கிய சுழல்கருவியின் கம்பியை நேரே கணிப்பொறியின் மைக் துளையில் செருகிவிட்டோம். பாட்டு வந்தது. ஆனால் தகரக் குவளைக்குள் பாடுவதுபோல் வந்தது. தபேலாவின் கனமான ஒலி இல்லை. கருவி பழுது என்று மாணவர்கள் நினைத்தார்கள். பழுது எங்கள் அறிவில்தான் இருந்தது.

தாழ்ந்த ஒலிகளை உள்ளபடியே தட்டில் வெட்டினால் சாலின் நெளிவு மிகப் பெரிதாகும். பக்கத்துச் சாலை இடித்துவிடும். அதனால் தட்டு செய்யும்போதே தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துவிடுவார்கள். உயர்ந்த ஒலிகளை மட்டும் கூட்டிவைப்பார்கள். தட்டின் உராய்வு இரைச்சலுக்கு மேலே அவை கேட்க வேண்டுமல்லவா? தட்டை ஓட்டும் பெருக்கி இதற்கு நேர் எதிராக வேலை செய்து சமன்படுத்த வேண்டும். இதற்கான பொது அளவை அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கம் 1954 இல் வகுத்தது. அதன்படி 20 ஹெர்ட்ஸ் ஒலியை ஒன்பது மடங்குக்கு மேல் கூட்ட வேண்டும். 20,000 ஹெர்ட்ஸ் ஒலியை ஒன்பதில் ஒரு பங்குக்கும் கீழே குறைக்க வேண்டும். மைக் துளைக்கு இந்த வேலை தெரியாது. தட்டுக்கென்றே உள்ள முன்பெருக்கியை இடையில் வைத்தோம். தபேலா திரும்பி வந்தது.

அணைக்கட்டும் ஒலியும்

ஒலியை எண்ணாக்குவது எப்படி? நம் பள்ளத்தாக்கின் உதாரணமே இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் இத்தனை அடி என்று நாள்தோறும் செய்தித்தாளில் போடுகிறார்கள். அந்த எண்களை வரிசையாகப் புள்ளி வைத்து இணைத்தால், ஆண்டு முழுவதும் அணை எப்படி ஏறி இறங்கியது என்ற படம் கிடைத்துவிடும். ஆனால் பிற்பகலில் ஏறி இரவுக்குள் வடிந்த வெள்ளம் அந்தப் படத்தில் வராது. அதைப் பிடிக்க வேண்டுமானால் அடிக்கடி அளக்க வேண்டும்.

ஒலியும் அப்படியே. மின்னழுத்தத்தை விட்டு விட்டு அளந்து எண்ணாகக் குறிக்கிறோம். எவ்வளவு அடிக்கடி அளக்க வேண்டும்? பிடிக்க வேண்டிய மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் போதும். நைக்விஸ்ட், ஷானன் என்ற இருவரின் பெயரால் வழங்கும் விதி இது. நம் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். ஆகவே குறுந்தகட்டில் வினாடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறிக்கிறார்கள். 2 என்ற எண்ணை 16 முறை பெருக்கினால் வருவதே இந்த 65,536.

ஆவணக் காப்பகங்களில் இதைவிட நுட்பமாக, வினாடிக்கு 96,000 முறை, 24 இரும இலக்கங்களில் பதிவு செய்வது வழக்கம். நாங்களும் அப்படியே செய்தோம். இடம், வலம் என்ற இரு வழிகளுக்கும் சேர்த்து வினாடிக்கு 5,76,000 பைட்டுகள். 20 நிமிடப் பக்கம் ஒன்றுக்கு ஏறத்தாழ 69 கோடி பைட்டுகள்! இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். தட்டை ஒருமுறைதான் ஓட்டப் போகிறோம். பின்னால் எந்த வேலை செய்வதானாலும் இந்த எண்களிலிருந்துதான் செய்ய வேண்டும். கஞ்சத்தனம் கூடாது.

எங்கே வெட்டுவது?

இப்போது புதிரின் விடையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பக்கம் முழுவதும் ஒரே சால். ஆகவே கணிப்பொறியிலும் 20 நிமிடம் நீண்ட ஒரே பதிவாகத்தான் வந்து நிற்கும். அதை ஐந்து பாடல்களாகப் பிரிக்க வேண்டும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஒலியின் அலைவடிவத்தைத் திரையில் பார்க்கலாம். பாட்டு இருக்கும் இடம் தடித்தும், இடைவெளி மெலிந்தும் தெரியும். மென்பொருளே இடைவெளியைக் கண்டுபிடித்துப் பிரித்தும் கொடுக்கும். "இந்த அளவுக்குக் கீழான ஒலி இரண்டு வினாடி நீடித்தால் அங்கே வெட்டு" என்று கட்டளையிட்டால் போதும்.

கட்டளையிட்டோம். ஐந்து பாடல்கள் ஆறு துண்டுகளாக வந்தன. ஒன்றுதானே கூடியிருக்கிறது என்று கேட்டுப் பார்த்தால், ஒரு பாட்டு மூன்றாக அறுபட்டிருந்தது. வேறு இரண்டு பாடல்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன!

அறுபட்டதன் காரணம் எளிது. அந்தப் பாட்டின் தொடக்கத்தில் தாளமில்லாத தொகையறா. பாடகர் ஓர் அடியை முடித்து, மூச்சு வாங்கி, நிறுத்தி அடுத்த அடியை எடுக்கிறார். இசையில் அந்த நிறுத்தம் பாட்டின் ஒரு பகுதி. மென்பொருளுக்கு அது வெறும் வெற்றிடம்.

ஒட்டிக்கொண்டது ஏன்? இரு பாடல்களுக்கும் நடுவே மூன்று வினாடிக்கு மேல் இடைவெளி தெளிவாகவே இருந்தது. இரண்டு நாள் மண்டையைக் குழப்பிக்கொண்டோம். நால்வரில் ஒரு மாணவி அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "சார், இங்க ஒரு டிக் ஒலி இருக்கு. சரியா 1.8 வினாடிக்கு ஒரு தடவை வருது" என்றார்.

60 வினாடியை 33⅓ ஆல் வகுத்துப் பாருங்கள். விடை 1.8. தட்டு ஒருமுறை சுற்ற ஆகும் நேரம்! தட்டின் குறுக்கே ஒரு கீறல். ஒவ்வொரு சுற்றிலும் முள் அதைக் கடக்கும்போது 'டிக்'. மென்பொருளோ இரண்டு வினாடி அமைதிக்குக் காத்திருக்கிறது. 1.8 வினாடிக்கு ஒருமுறை அமைதி கலைந்துவிடுகிறது. அது எப்படி வெட்டும்?

அதன் பின் நாங்கள் ஒரு முறையைக் கைக்கொண்டோம். மென்பொருள் காட்டும் இடத்தை ஓர் ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்வது. வெட்டுமுன் அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் பத்து வினாடி காதால் கேட்பது. தட்டைக் கையில் எடுத்து, வழவழப்பான பட்டைகளை எண்ணி, துண்டுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுவது. கதை வசனத் தட்டுகளை மட்டும் வெட்டாமல் பக்கம் பக்கமாகவே வைத்துவிட்டோம்.

தவில் எங்கே?

கீறல் ஒலிகளைப் போக்கவும் மென்பொருள் உண்டு. ஆர்வத்தில் அதையும் பயன்படுத்தி, ஒரு நாதசுரத் தட்டைச் சுத்தம் செய்தோம். இரைச்சலே இல்லை. திரையில் பார்க்கவும் அழகாக இருந்தது. பெரியவரை அழைத்துப் போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டார். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாயனம் நல்லா இருக்கு சார். தவுலு எங்க? மெத்தை மேல அடிக்கிற மாதிரியில்ல கேக்குது?"

மூல எண்களைப் போட்டுக் கேட்டோம். அவர் சொன்னது சரி. தவில் வித்வான் வலக்கை விரல்களில் கெட்டியான கூடுகளை மாட்டிக்கொண்டு வாசிப்பார். அந்த அடியின் ஒலி ஒரு நொடியில் மிகச் சிறு பங்குக்குள் சட்டென்று உச்சத்துக்கு ஏறுகிறது. கீறலின் 'டிக்' ஒலியும் அப்படித்தான் ஏறுகிறது. சட்டென்று ஏறுவதை எல்லாம் கீறல் என்று நினைத்து, மென்பொருள் தவிலின் கூர்மையையும் சேர்த்துச் சீவிவிட்டது. நாற்பது ஆண்டுகள் அந்தத் தட்டைப் போட்ட காது அதைக் கண்டுபிடித்தது. எங்கள் நான்கு திரைகளும் கண்டுபிடிக்கவில்லை.

நல்ல வேளை, மூல எண்களை அழிக்காமல் வைத்திருந்தோம். இல்லாவிட்டால் அந்தத் தவில் போனது போனதுதான். அன்று முதல் மூலப் பதிவில் கை வைப்பதில்லை. எந்தச் சுத்தமும் நகலில்தான்.

ஏன் இந்த அவசரம்?

பழைய பாட்டெல்லாம் இப்போது கைபேசியிலேயே கிடைக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். சினிமாப் பாடல்கள் பல கிடைக்கின்றன. எல்லாமே கிடைப்பதில்லை.

நாடக மேடையை ஆண்ட எஸ். ஜி. கிட்டப்பா 1906 இல் செங்கோட்டையில் பிறந்தார். 1933 இல் இறந்தார். அவர் சினிமாவில் நடித்ததில்லை. இன்று நாம் அவர் குரலைக் கேட்கிறோம் என்றால், அவர் பாடிய 78 சுழற்சித் தட்டுகளை யாரோ உடையாமல் காப்பாற்றி வைத்ததால்தான். அந்தத் தட்டுகள் அரக்குப் பூச்சி தரும் பிசினால் ஆனவை. கீழே விழுந்தால் ஓடுபோல் நொறுங்கும்.

மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சுரேஷ் சாந்த்வங்கர், 1990 இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தில் முன்னின்று உழைத்தவர். பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு 'யங் இந்தியா', 'ஓடியன்' என்ற பழைய முத்திரைத் தட்டுகளை எண்களாக்கும் பணி அவர் வழியாக நடந்தது. ஓடியன் தட்டுகளில் 1930களில் சென்னையில் வெளியிட்டவையும் உண்டு.

முள்ளே படாமல் படிக்கவும் வழி வந்துவிட்டது. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் இயற்பியலாளர் கார்ல் ஹேபர், துகள் இயற்பியலில் பயன்பட்ட பட அளவீட்டு முறையைக் கொண்டு, தட்டைப் படமெடுத்து அதன் சாலைக் கணிப்பொறியால் படிக்கும் முறையை உருவாக்கினார். 1860 இல் பாரிசில் புகைக்கரித் தாளில் கோடாக மட்டும் பதிந்த ஒரு பாட்டை 2008 இல் அந்த ஆய்வகத்தில் ஒலிக்கச் செய்தார்கள். எடிசனின் 1877 ஆம் ஆண்டுக் கருவிக்கு 17 ஆண்டுகள் மூத்தது அது! முதலில் ஒரு சிறுமியின் குரல் என்று நினைத்தார்கள். வேகத்தை இரட்டிப்பாக எடுத்துக்கொண்டது தெரியவந்தபின், அது ஓர் ஆணின் குரல் ஆயிற்று. எண்கள் பொய் சொல்லவில்லை. வேகத்தை நாம்தான் சரியாகக் குறிக்க வேண்டும்.

நீங்களும் செய்யலாம்

உங்கள் வீட்டுப் பரணிலோ, தெருவில் பழைய மைக்செட்காரர் வீட்டிலோ தட்டுகள் இருக்கலாம். கிடைத்தால் இவற்றை நினைவில் வையுங்கள்.

தட்டுகளைப் படுக்கப் போட்டு அடுக்காதீர்கள், நெளிந்துவிடும். புத்தகம்போல் நிமிர்த்தி, வெயில் படாமல் வையுங்கள். 78 சுழற்சித் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள். அரக்கு அதில் கரையும். அதற்குரிய முள்ளும் வேறு. பெரிய தட்டின் முள்ளைவிட மூன்று மடங்கு பருமன்.

நடுத்தாள் அழிந்திருந்தால் கவலை வேண்டாம். சால் முடிந்து, நடுத்தாளுக்கு முன்னால் உள்ள வெற்றுப் பகுதியை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். பொறித்த எண் ஒன்று தெரியும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வோர் எண். அதைக் கொண்டு பாட்டையும் படத்தையும் தேடிக் கண்டுபிடிக்கலாம். பெரியவரின் பெட்டியில் பெயர் தெரியாதிருந்த தட்டுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் பெயர் பெற்றன. மீதியில் சிலவற்றை அவர் இரண்டு வினாடி கேட்டே சொல்லிவிட்டார். பெயர், தட்டு எண், பக்கம், சுழல்வேகம், பதிந்த நாள் ஆகியவற்றை ஒவ்வொரு பதிவோடும் எழுதி வையுங்கள். பெயரில்லாத பதிவு, முகவரியில்லாத கடிதம்.

இன்னொன்று. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டை அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை உரியவருக்குச் சொந்தம். உங்கள் தட்டை நீங்கள் கேட்பதற்காகப் பதிந்து வைக்கலாம். இணையத்தில் எல்லாருக்கும் பரப்புவது கூடாது.

பெரியவரிடம் பெட்டியையும், பதிவுகள் அடங்கிய சிறு கருவியையும் கொடுத்தோம். "பெட்டி காலேஜிலயே இருக்கட்டும் சார். நாளைக்கு இதைவிட நல்ல மிஷின் வரும். அப்ப திரும்ப எடுத்துக்கலாம்ல?" என்றார். ஹேபரின் முறையைப் பற்றி நாங்கள் அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை! பெட்டி இப்போது எங்கள் ஆய்வக அலமாரியில், தட்டுகள் நிமிர்ந்தபடி இருக்கிறது.

முடிக்குமுன் உங்களுக்கு ஒரு கணக்கு. குறுக்கே ஒரு கீறல் விழுந்த தட்டு. அதை ஓட்டினால் சுமார் 0.77 வினாடிக்கு ஒருமுறை 'டிக்' என்று கேட்கிறது. அந்தத் தட்டு நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது? அது எதனால் ஆனதாக இருக்கும்? எதைக் கொண்டு அதைத் துடைக்கக் கூடாது? மூன்று கேள்விக்கும் விடை இந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது.